பைக்குள் வந்த பூப்போட்ட இறால்

ஒரு கண்ணாடித் தொட்டி நிறையக் கடல் தண்ணீர் இருந்தது. அந்தத் தண்ணீருக்குள் மூன்று பேர் குடியிருந்தார்கள்.

முதல் ஆள் சங்கையா. அது ஒரு துறவி நண்டு. பேர்தான் துறவி. நல்ல காலிச் சங்கு ஒன்றைக் கண்டால் போதும், இருக்கிற சங்கை விட்டுவிட்டு அதற்குள் குடிபோய்விடும். இரண்டாவது சிங்காரி. முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் சிவப்பு இறால். அடுத்தவர் உடம்பில் ஒட்டிய அழுக்கைக் கொத்திச் சுத்தம் செய்வது அதன் வேலை. அடுத்தவரைப் பற்றி வம்பளப்பது அதன் பொழுதுபோக்கு. மூன்றாவது நீலமணி, ஐந்து கைகள் உள்ள நீல நிற நட்சத்திர மீன்.

நீலமணிக்கு ஒரே ஒரு குறை. அது எல்லாவற்றிலும் மெதுவு. ஒரு கேள்விக்குப் பதில் யோசித்து முடிப்பதற்குள் மற்ற இருவரும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். 'என்னோடு உட்கார்ந்து பேச ஒருத்தி வரமாட்டாளா?' என்று அது ஏங்கியது. பாவம், நாளெல்லாம் கண்ணாடியைத் தடவிக்கொண்டு வேறு என்னதான் செய்யும்?

தொட்டிக்குச் சொந்தக்காரி ரூபியம்மா. தூத்துக்குடியில், கடற்கரைக்குப் பக்கத்தில் அவர் வீடு. முன்பு ஒருமுறை, கடையில் வாங்கிய நண்டு ஒன்றை யோசிக்காமல் தொட்டிக்குள் விட்டுவிட்டார். அது மூன்று நத்தைகளைத் தின்று ஏப்பம் விட்டது. அன்றிலிருந்து ரூபியம்மா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். புதிதாக யார் வந்தாலும், வந்த பிளாஸ்டிக் பையோடு தொட்டித் தண்ணீரில் மிதக்க விடுவார். பிறகு பையின் வாயைத் திறந்து, தொட்டி விளிம்பில் கிளிப் போட்டு மாட்டி, தொட்டித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக அதில் விடுவார். உள்ளே இருப்பவர்கள் பையைச் சுற்றி நின்றால் புது ஆளுக்கு இடம் உண்டு. எல்லாரும் ஓடி ஒளிந்தால் பை வந்த வழியே திரும்பிவிடும்.

இந்த வழக்கம் தொட்டியில் இருந்தவர்களுக்கும் தெரியும். அதனால் பை மிதக்கும் நேரம்தான் அவர்களுக்குப் பெண் பார்க்கும் நேரம்!

ஒருநாள் காலை ஒரு பை மிதந்தது. உள்ளே ஓர் இறால் இருந்தது. பால் வெள்ளை உடம்பு. அதில் ஊதா நிறத்தில் பெரிய பெரிய பூக்கள். முன்னால் விசிறி போல அகன்ற இரண்டு கைகள்.

"யாத்தீ, என்ன அழகு!" என்றது சிங்காரி. "அண்ணாச்சி, சீக்கிரம் கேளுங்க!"

சங்கையா தொண்டையைச் செருமிக்கொண்டது. "உன் பேரென்னம்மா?"

"பூவரசி."

"அடுத்தவன் சங்கைப் பிடுங்குவியா?"

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி சங்கு?"

"பவளத்தைக் கடிப்பியா? இறாலோட சண்டைக்குப் போவியா?"

"மாட்டேன். யாரு வம்புக்கும் போகமாட்டேன்."

"போதும்! பொண்ணு தங்கம்!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது சங்கையா.

அந்தப் பேச்சு நடக்கும்போதே பூவரசியின் பார்வை நீலமணி மேல் விழுந்தது. விழுந்த பார்வை அப்புறம் நகரவே இல்லை. நீலமணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தன்னை ஒருத்தி கண்கொட்டாமல் பார்க்கிறாளே! இறாலுக்குக் கண்ணிமையே கிடையாது என்பது அப்போது அதன் நினைவுக்கு வரவில்லை.

"உங்க பேரென்னக்கா?" என்று பூவரசி கேட்டது.

நீலமணி மெல்ல யோசித்து, "நீல... மணி" என்றது. அதுவரை பூவரசி பொறுமையாகக் காத்திருந்தது. அந்த ஒன்றுக்காகவே நீலமணிக்கு அதைப் பிடித்துப்போயிற்று.

"தங்கச்சி, நீ இங்கேயே இருந்துரு. நாம பேசிக்கிட்டே இருக்கலாம்!"

பூவரசி தலையைக் குனிந்துகொண்டது. பிறகு, "நீங்க கேக்காத ஒண்ணைச் சொல்லுதேன். அண்ணாச்சி எல்லாம் கேட்டாரு. நான் என்ன சாப்பிடுவேன்னு கேக்கலையே?" என்றது.

"என்ன சாப்பிடுவே?"

"நட்சத்திர மீன். அது ஒண்ணுதான். வேற எதுவும் எனக்கு இறங்காது. கடையில உருண்டைத் தீனி போட்டாங்க. மூணு வாரமாப் பட்டினி. அக்காவைப் பாத்ததும் நாக்குல எச்சில் ஊறிச்சு. என்னை உள்ள விட்டா நான் சும்மா இருக்கமாட்டேன். கையில தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமா அக்காவையே தின்னுருவேன். எல்லாரும் ஒளிஞ்சுக்கிடுங்க. அந்தம்மா என்னைத் திருப்பிக் கொண்டுபோயிரட்டும்!"

நீலமணி ஐந்து கைகளையும் சுருட்டிக்கொண்டது. அது பாறைக்குப் பின்னால் நகரத் தொடங்கியது. ஆனால் மற்ற இருவரும் அசையவில்லை!

"ஒரு கைதானே, போனா வளருது. இவளுக்கு அஞ்சு இருக்கே!" என்றது சிங்காரி. "இப்படி ஒரு அழகி இருந்தா, பாக்க வர்றவங்க கூடுவாங்க. ரூபியம்மா நமக்குத் தீனியும் கூடப் போடுவாங்க!"

"ஏட்டி, அதுவும் சரிதான்" என்று சங்கையா தலையாட்டியது. "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு தொந்தரவும் இல்லையே."

நீலமணிக்கு நெஞ்சு உடைந்துவிட்டது. ரூபியம்மா வந்து பையைத் திறந்தார், விளிம்பில் மாட்டினார், முதல் கரண்டித் தண்ணீரை ஊற்றினார். சங்கையாவும் சிங்காரியும் பைக்கு முன்னால் பல்லிளித்துக்கொண்டு நின்றன. இன்னும் நாலைந்து கரண்டி போதும். நீலமணியின் ஆயுள் அவ்வளவுதான்.

அப்போது பூவரசி ஒரு காரியம் செய்தது. விசிறிக் கைகளை ஓங்கிப் பையின் பக்கத்தில் படாரென்று அடித்தது!

"வாங்கடா! கையைத் தின்ன வந்தவ காலையும் தின்னுவேன்! சங்கை உடைச்சு நண்டைத் தின்னுவேன்! கோடு போட்ட இறாலைக் குறுக்கால கடிப்பேன்!"

அத்தனையும் பச்சைப் பொய். ஆனால் தனக்கென்று வந்ததும் சங்கையா சங்குக்குள் சுருண்டது. சிங்காரி போன இடம் தெரியவில்லை!

"அய்யய்யோ, இது ஆகாது போலிருக்கே!" என்று ரூபியம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "சோத்தை வடிச்சிட்டு வந்து கடையில கொண்டுபோய்க் கொடுத்துருவோம்."

அவர் அடுப்படிக்குப் போனார். பூவரசி பையின் மூலையில் ஒடுங்கிக்கொண்டது. அடித்த அடியில் மிச்சமிருந்த தெம்பும் போய்விட்டது. கடைக்குப் போனாலும் அதே உருண்டைதான், அதே பட்டினிதான். அது எத்தனை நாள் தாங்கும்?

நீலமணி இதையெல்லாம் பார்த்தது. மெதுவாக யோசித்தது. பிறகு கண்ணாடியில் ஏறத் தொடங்கியது. விரல் அகலம், இன்னொரு விரல் அகலம் என்று ஏறி, பையின் வாயருகே வந்து சேர்ந்தது.

"கிட்ட வராதீங்கக்கா!" என்று பூவரசி அலறியது. "என்னால தாங்க முடியாது!"

"பயப்படாதே. சிங்காரி சொன்னதுல ஒண்ணு சரிதான். எனக்கு அஞ்சு இருக்கு." நீலமணி தன் ஒரு கையை முறுக்கியது, இழுத்தது, பல்லைக் கடிக்கப் பல் இல்லாததால் பேசாமல் பொறுத்துக்கொண்டது. கை கழன்று பைக்குள் விழுந்தது. "நீயா பறிச்சா அது கொலை. நானா கொடுத்தா அது விருந்து. சாப்பிடு தங்கச்சி. உனக்கு நன்றி சொல்ல எனக்கு வேற வழி தெரியலை."

பூவரசி அழுதுகொண்டே சாப்பிட்டது. மூன்று வாரத்துக்குப் பிறகு அதன் வயிற்றில் இறங்கிய முதல் சோறு அது.

ரூபியம்மா திரும்பி வந்தார். பைக்குள் பாதி தின்று கிடந்த நீலக் கையைப் பார்த்தார், நாலு கையோடு கண்ணாடியில் ஒட்டியிருந்த நீலமணியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உடனே கடைக்காரருக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"இது என்ன தின்னும்னு தெரியாமலா வித்தீங்க? பட்டினி போட்டுக் கொல்லவா? எந்தக் கடல் பாறையில பிடிச்சாங்களோ, அங்கேயே இதை விடணும். நானே வள்ளத்துல வாறேன்!"

சொன்னபடி அன்று மத்தியானமே கிளம்பினார். பை தொட்டியை விட்டு மேலே போகும்போது பூவரசி விசிறிக் கையை ஆட்டியது. "உங்களாலே உசிரோட போறேன்க்கா!"

நீலமணி பதில் யோசித்து முடிப்பதற்குள் பை வாசலைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அது சொல்லத்தான் செய்தது: "நானும் உன்னாலதான் உசிரோட இருக்கேன்."

சில மாதத்தில், நீலமணியின் கை கழன்ற இடத்தில் சுண்டுவிரல் அளவுக்குப் புதுக்கை முளைத்தது. சிங்காரி வெட்கப்பட்டுக்கொண்டு வந்து, ஒருநாள் தவறாமல் அந்தக் கையைச் சுத்தம் செய்துவிட்டுப் போனது. சங்கையாவும் திருந்தியது. இப்போதெல்லாம் பை மிதந்தால் அதன் முதல் கேள்வி, "நீ என்ன சாப்பிடுவே?" கடைசிக் கேள்வி, "நாங்க கேக்காதது ஏதாச்சும் இருக்கா?"

தன்னால் நமக்கு வரக்கூடிய கெடுதலை நாம் கேட்காமலே சொல்லி விலகிப் போகிறவரே நல்ல நண்பர். அவருக்கு நாம் என்றும் நன்றியோடு இருக்க வேண்டும்.