வேலாயுதம் சாருக்கு விழுந்த அரளி மாலை

கொரோனா வந்து ஊரையே பூட்டியபோது, பாளையங்கோட்டையில் ஒரு வாடகை அறைக்குள் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள். கோமதிநாயகம், அருளப்பன், சுடலையாண்டி. மூவரும் எம்.ஏ. பொருளாதாரம். மூவருக்கும் சேர்த்து ஒரே போன். வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்று பல்கலைக்கழகம் மிரட்டியிருந்ததால், சார் எது சொன்னாலும் அப்படியே செய்துவிடுவது என்று சத்தியம் பண்ணியிருந்தார்கள்.

போனில் நடந்த முதல் வகுப்பில் வேலாயுதம் சார், "எல்லாரும் மியூட் போடுங்க" என்றார். மூவரும் வாயை மூடினார்கள். சாயங்காலம் மெஸ் அக்கா வந்து, "இட்லியா, தோசையா?" என்று எத்தனை தடவை கேட்டும் பதில் இல்லை. நோய் தொண்டைக்கு வந்துவிட்டது என்று அக்கா ஓடியே போய்விட்டாள். அன்றைக்குப் பட்டினி.

அடுத்த வாரம் பாடத்தின் நடுவே நெட் மக்கர் பண்ணியது. 'பணவீக்கம்' என்று சொல்ல வாயைத் திறந்த சார், திறந்தபடியே நின்றுவிட்டார்.

"ஏலே, சார் மூச்சு விடுதாரா?"

"விடலையே. நேத்தே இருமினாருலே."

"அப்ப நம்ம அட்டெண்டன்ஸ்?"

"ஆளு செத்த துஷ்டி வீட்டுல கேக்குற கேள்வியாலே இது?"

அழுதார்கள். போனைச் சுவரில் சாய்த்து, அரளிப்பூ மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தினார்கள். அருளப்பன் இரங்கல் உரை ஆற்றினான். "சார் நடத்தினது ஒண்ணும் எங்களுக்குப் புரிஞ்சதில்ல. ஆனாலும் தங்கமான மனுசன்."

அந்த நேரம் பார்த்து நெட் வந்தது. எதிரே பூவும் புகையுமாக இருந்ததைப் பார்த்து சார் திகைத்தார். சுடலையாண்டி தேம்பினான்: "செத்த பொறகும் பாடம் நடத்த வந்துட்டீங்களே சார்!"

"கிளாஸை விட்டு வெளிய போங்கடா!"

மூவரும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் போய் நின்றார்கள். ரோந்து வந்த ஏட்டு லத்தியை ஓங்கினார். "ஊரடங்குல என்னலே வேடிக்கை? உள்ள போங்க!"

சார் பேச்சை மீறினால் பரீட்சை போச்சு, ஏட்டு பேச்சை மீறினால் முதுகு போச்சு. மூவரும் அங்கேயே கூடிப் பேசினார்கள்.

"கிளாஸ் எங்கலே நடக்கு?" என்றான் கோமதிநாயகம்.

"போனுக்குள்ள."

"அப்ப போனை வெளிய வச்சிட்டு நாம உள்ள போயிட்டா, ரெண்டு பேரு சொன்னதும் ஆச்சுல்லா?"

போனை மாலையோடு கொண்டுவந்து ஏட்டு கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அதற்குள் சாருக்குக் கோபம் தணிந்திருந்தது. "சரி, தொலையுது. மூணு பேரும் அட்டெண்டன்ஸ் சொல்லுங்க" என்றார்.

ஏட்டு கதவைப் பார்த்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஏட்டையா, எங்களுக்கும் சேத்து நீங்களே சொல்லிருங்க!"

ஏட்டு தொப்பியைச் சரிசெய்து, விறைப்பாக நின்று, மூன்று குரலில் மூன்று முறை சொன்னார்: "உள்ளேன் ஐயா!"