முதல் இடம்

அன்று ஒலிப்பதிவு அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: வானொலி நிலைய முதலாளி ரெஜினா, மேலாளர் நீலமேகம், பாடகர் ஞானதுரை, சி மொழியில் கணினி நிரல் எழுதும் தற்காலிக ஊழியர் பூங்கோதை.

நேரலைக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஒலியைப் பெருக்கும் வடிகட்டி நீலமேகம் எழுதியது. இரைச்சலை நீக்கும் வடிகட்டி பூங்கோதை எழுதியது. கல்யாணப் பத்திரிகையில் பெரியவர் பெயரைப் போடுவதுபோல, நிரலில் தன்னுடையதுதான் முதலில் நிற்க வேண்டும் என்றார் நீலமேகம்.

"சார், ஒலியை முதல்ல பெருக்கினா இரைச்சலும் சேர்ந்து பெருகுமே?"

"என்னுடையதுதான் முதல்ல. துளி இரைச்சல் கேட்டாலும் நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

பூங்கோதை வரிசையின் முதலில் அவர் வடிகட்டியையே எழுதினாள். ஞானதுரை பாடிப் பார்த்தார். குரல் சுத்தமாக வந்தது.

"பார்த்தீங்களா மேடம்? என்னுடையது முதல்ல நின்னதாலதான்!"

"அப்படியாம்மா?" என்று ரெஜினா பூங்கோதையைக் கேட்டார்.

"ஸ்பீக்கர், வரிசையில முதல்ல நிக்கிறவர்கிட்டதான் ஒலியைக் கேட்டு வாங்கும் மேடம். அவர் தனக்கு அடுத்தவர்கிட்ட கேட்பார். அடுத்தது என்னுடையது. அதுதான் மைக்கிலிருந்து வாங்கிச் சுத்தம் பண்ணி அவருக்குக் கொடுக்கும். சார் முதல்லதான் நிக்கிறார். ஒலிதான் அவர்கிட்ட கடைசியா வருது."

"இது உங்களுக்குத் தெரியாதா, நீலமேகம்?"

அணைத்து வைத்திருந்த போனைக் காதில் வைத்து "ஹலோ, ஹலோ" என்றபடி நீலமேகம் வெளியே போனார்.

அறையில் மிச்சம் மூன்று பேர்.