மூன்று கிளாஸ் பழைய ஒயின்

புதுச்சேரியில் எல்லாரும் மரியாதையாக 'முசே' என்று அழைக்கும் அமலதாசுக்குத் தன் நாக்கின் மேல் அபார நம்பிக்கை. பிரான்சிலிருந்து வந்த மூன்று பழைய சிவப்பு ஒயின்களைக் கண்ணைக் கட்டிக்கொண்டு ருசித்தே வயது சொல்வதாக நண்பர்களிடம் சவால் விட்டார்.

கிளாஸ்களில் ஊற்றிவைக்கச் சமையற்காரி பிலோமினாவை அழைத்தார். "எந்த கிளாஸ்ல எந்த ஒயின்னு உனக்கே தெரியக் கூடாது. அப்புறம் நீ துப்புக் கொடுத்தேன்னு பேச்சு வரும். ஆனா கடைசியில கேட்டா சரியாச் சொல்லணும். தப்பாச் சொன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

"சரிங்க முசே."

முதல் கிளாஸுக்கு நாற்பது வயது என்றார். இரண்டாவதற்கு முப்பது. மூன்றாவதைத் துப்பிவிட்டு, "கறியில ஊத்தக்கூட லாயக்கில்லை" என்றார். நண்பர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

"இப்போ நீ சொல்லு, பிலோமினா."

"மூணும் ஒண்ணுதாங்க முசே. ஒரே பாட்டில்லேர்ந்துதான் ஊத்தினேன். எப்படி மாத்தி வெச்சாலும் தப்பு வராது பாருங்க."

அமலதாஸ் வெகுநேரம் கண்கட்டை அவிழ்க்கவே இல்லை.