எட்டு உத்தரங்களும் ஒரு கறுப்புத் துணியும்

முன்னொரு காலத்தில், மூன்று பேர் தின்று காட்டிய பிறகே சோற்றில் கைவைக்கும் ராஜா ஒருவர் இருந்தார். மகீபாலர் என்று பேர். அவர் சபையில் விகடகவியாக இருந்தவன் சேந்தன். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. சிரித்து முடித்ததும், 'இவன் ஏன் என்னைச் சிரிக்க வைத்தான்?' என்று யோசிப்பது ராஜாவின் வழக்கம்.

அரண்மனைக்குள் வீரர் மண்டபம் என்று இருநூறு வருஷத்துக் கட்டடம் ஒன்று இருந்தது. எல்லைப் போரில் மாண்ட முந்நூறு வீரர்களின் உருவங்களை ராஜாவின் தகப்பனார் களிமண்ணில் செய்வித்து அங்கே வைத்திருந்தார். சூளையில் சுட்டால் முகச்சாயல் மாறிவிடும் என்று சுடாமலே விட்டுவிட்டார். விரல் பட்டால் மூக்கு உதிரும். வருஷத்தில் ஒருநாள் அந்த வீரர்களின் குடும்பத்தார் வந்து, தங்கள் மனிதர் முகத்தைக் கண்குளிரப் பார்த்து, அழுதுவிட்டுப் போவார்கள்.

அந்த நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது சேந்தன் சபையில் சொன்னான்.

"மகாராஜா, வீரர் மண்டபத்துக் கதவு போன வருஷம் ஒரு விரலால் தள்ளத் திறந்தது. இன்று இரண்டு காவலர்கள் தோள்கொடுத்தும் அரையடிதான் நகர்ந்தது. மேலே இருப்பது கீழே இறங்குகிறது. ஜனங்கள் வருமுன் கூரையைச் சோதிக்க வேண்டும்."

மராமத்து அதிகாரி உத்தமராயர் துள்ளி எழுந்தார். "பிரபு! ஆறு வருஷத்துக்கு முன் அந்தக் கூரையில் எட்டு உத்தரங்களை அடியேன்தான் மாற்றினேன். அத்தனையும் முதல்தரத் தேக்கு. இவன் ஏணி போட்டுத் தட்டுவான், பொம்மைகள் உடையும். தகப்பனார் வைத்ததை மகன் உடைத்தார் என்று ஊர் பேசும். இதன் பின்னால் யாருடைய சூழ்ச்சியோ!"

சூழ்ச்சி என்ற சொல் காதில் விழுந்ததும் ராஜாவின் கண்கள் சுருங்கின. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களில் ஒருவன் பொய் சொல்கிறான். சேந்தா, நீயே சோதி. ஆனால் எந்தப் பொம்மையும் எள்ளளவும் அசையக்கூடாது. அவற்றின்மேல் ஒரு துளி தூசி விழக்கூடாது."

"சுவரில் கை படக்கூடாது, உள்ளே கால் படக்கூடாது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் பிரபு" என்றார் உத்தமராயர்.

"சேர்த்தேன். தவறினால் நாடு கடத்தல்."

சேந்தன் நேரே மண்டபத்துக்குப் போய், ஜன்னலுக்கு வெளியே வெகுநேரம் நின்றான். வாயைத் திறந்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டான். முந்நூறு மண்முகங்களும் அவனையே பார்ப்பதுபோல் இருந்தது. உள்ளே கால் படக்கூடாது என்று உத்தமராயர் ஏன் சொன்னார்? அவர் பயப்படுவது பொம்மைக்காகவா, கூரைக்காகவா? அப்போது மேற்கு வெயில் சாய்ந்து உள்ளே விழுந்தது. அந்த ஒளியில் மேலிருந்து ஏதோ பொடி மெல்ல இறங்குவது தெரிந்தது. வெயில் நகர்ந்ததும் மறைந்துவிட்டது. வெள்ளைச் சுண்ணாம்புத் தரையில் அதன் தடமே தெரியவில்லை.

மறுநாள் நீளமான மூங்கில்களும் கறுப்புத் துணியும் கேட்டான். மண்டபத்தின் இரு பக்கமும் ஜன்னல்கள் எதிரெதிரே இருந்தன. ஒரு ஜன்னல் வழியாக மூங்கிலை நீட்டி, எதிர் ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, இரு முனையையும் வெளியிலேயே கவைக்கம்புகள் தாங்கி நிற்க, வெளியே நின்றபடியே பொம்மைகளின் தலைக்குமேல் கறுப்புத் துணியை இழுத்துக் கட்டினான்.

"கூரையைச் சோதிக்கச் சொன்னால் கல்யாணப் பந்தல் போடுகிறான்!" என்று உத்தமராயர் சிரித்தார்.

"தூசி விழக்கூடாது என்பது ராஜ கட்டளை. குடை பிடித்திருக்கிறேன்" என்றான் சேந்தன். பிறகு ராஜாவிடம் திரும்பினான். "மகாராஜா, என்னை நம்பாதீர்கள். கதவுக்கு உங்கள் முத்திரை வையுங்கள். ஜன்னலுக்கு ஜன்னல் உத்தமராயரின் ஆள் நிற்கட்டும். அவனைப் பார்த்துக்கொள்ள உங்கள் ஆள் நிற்கட்டும்."

தன் மனசுக்குப் பிடித்த ஏற்பாட்டை ராஜா அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். உடனே ஒப்புக்கொண்டார்.

நான்காம் நாள் ராஜா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். கறுப்புத் துணியின்மேல் மஞ்சள் பொடி, கோலமாவு இழுத்ததுபோல் எட்டு நேர்க்கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் மேலே ஓர் உத்தரம்.

"உளுத்த மரத்தூள் மகாராஜா" என்றான் சேந்தன். "மேலே இருப்பவை பத்தொன்பது உத்தரங்கள். பழைய பதினொன்றின் கீழே ஒரு பொட்டுத் தூள் இல்லை. புதிய எட்டின் கீழேதான் இருக்கிறது."

"இவன்தான் தூவியிருப்பான்!" என்று கத்தினார் உத்தமராயர்.

"உங்கள் ஆட்கள்தானே காவல்?" என்றார் ராஜா.

உத்தமராயர் சட்டென்று பேச்சை மாற்றினார். "வண்டு எந்த மரத்தைத்தான் விட்டுவைக்கும் பிரபு? தூள் கொட்டினால் என்ன, தேக்கு தேக்குதான். நூறு வருஷம் தாங்கும்."

"அப்படிச் சொல்லுங்கள்!" என்று சேந்தன் கைதட்டினான். "என் பயம் போய்விட்டது. மகாராஜா, ஜனங்கள் வரும்வரை உத்தமராயர் அந்த எட்டு உத்தரங்களின் கீழே ஆசனம் போட்டு உட்கார்ந்திருக்கட்டும். கட்டியவரே கீழே இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது."

"நல்ல யோசனை. உள்ளே போங்கள்" என்றார் ராஜா.

"பிரபு... உள்ளே கால் படக்கூடாது என்று கட்டளை..."

"உங்கள் காலுக்கு மட்டும் விலக்கு."

முத்திரை உடைக்கப்பட்டது. கதவைத் தள்ள நான்கு பேர் வேண்டியிருந்தது. அவர்கள் தள்ளிய தள்ளில் மேலே 'கிறீச்' என்று ஒரு சத்தம். ஒரு காலைத் தூக்கி வாசற்படிக்குமேல் நீட்டிய உத்தமராயர், அந்தக் காலை வைக்கவும் முடியாமல், எடுக்கவும் முடியாமல், ஒற்றைக் காலில் நின்று அலறினார்.

"பிரபு, காப்பாற்றுங்கள்! அது மாமரம்! வர்ணம் பூசிய மாமரம்!"

"தேக்கு எங்கே?"

"என் வீட்டுக் கூரையில்."

ராஜா தச்சர்களைக் கூப்பிட்டு, உத்தமராயர் வீட்டைப் பிரித்துத் தேக்கை அதன் இடத்தில் சேர்க்கச் சொன்னார். உளுத்த மரங்களைத் தச்சர்கள் கயிற்றில் கட்டி, துணிப் பந்தலில் படாமல் கூரைக்கு மேலே தூக்கி, ஒவ்வொன்றாகக் கவனமாக வெளியே இறக்கினார்கள். ஒரு பொம்மையின் காதுகூட உதிரவில்லை. குறித்த நாளில் குடும்பங்கள் வந்தன. கதவு ஒரு விரலுக்குத் திறந்தது.

அன்று மாலை ராஜா சேந்தனை அழைத்தார். "மராமத்து அதிகாரி பதவி காலியாக இருக்கிறது. உனக்குத் தருகிறேன்."

"வேண்டாம் மகாராஜா. விகடகவி என்பதற்கே என்மேல் இவ்வளவு சந்தேகம். கையில் சுத்தியலையும் கொடுத்துவிட்டால் உங்களுக்குத் தூக்கமே வராது!"

ராஜா கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்துச் சேந்தனுக்குப் போர்த்தி, கழுத்து முத்துமாலையையும் கழற்றிப் போட்டார். அன்றைக்கு மட்டும், இவன் ஏன் என்னைச் சிரிக்க வைத்தான் என்று அவர் யோசிக்கவே இல்லையாம்.