ஐந்து இடத்தில் தாமதம்

"டீச்சர், புரோகிராம் ஒழுங்காத்தான் ஓடுது. ஆனா வாசிக்கிறது என் வீட்டுக்காரி இல்ல" என்றார் தவசிமுத்து.

ஹெப்சிபா டீச்சர் குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"வேற யாரு வாசிக்கிறா?"

"யாரோ. யாருன்னு தெரியல."

தவசிமுத்து குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். கை சும்மா இருக்காது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்கு ரத்தக்கொதிப்பு வரும். இவருக்குப் பியானோ வந்தது. எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்து வந்தார்.

அது தானே வாசிக்கும் பியானோ. காலால் பெடலை மிதித்தால் துளை போட்ட காகிதச் சுருள் உள்ளே ஓடும். எந்தத் துளை வருகிறதோ, அதற்குரிய கட்டை தானாக அமுங்கும். வாசிக்க ஆள் வேண்டாம்.

ஆள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதன் அருமை அவருக்குத் தெரிந்தது.

அவர் மனைவி ரூபவதி தினமும் மாலை ஜெபத்தில் கீபோர்டு வாசிப்பார். ஒரே ஒரு கீர்த்தனை மட்டும், எந்தக் கட்டை எந்த நொடியில் என்பதுவரை, கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது. அதைக் காகிதத்தில் துளைகளாக்கிவிட்டால் ரூபவதி மறுபடி வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை முதல் நினைவு நாள். அன்றைக்கு ஒரு தடவை அதைக் கேட்டுவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை கிடையாது.

பழைய பிரிண்டரின் உடல், தையல் மெஷின் மோட்டார், தோல் பெல்ட்டில் ஓட்டை போடும் கருவி. இவற்றை வைத்துத் துளை போடும் மெஷினைத் தாமே செய்துவிட்டார். அதை ஓட்டப் புரோகிராம் எழுதத் தெரியவில்லை. அதற்காகத்தான் ஹெப்சிபா டீச்சரிடம் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்தார். டீச்சர் அவருடைய மகளைவிடச் சின்னவர். எதைக் கேட்டாலும் பாதி பதில்தான் சொல்வார். மீதியை நாமே மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும்.

"துளையெல்லாம் அளந்து பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. மயிரிழை பிசகல."

"புரோகிராமைக் காட்டுங்க."

டீச்சர் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"இது என்ன?"

"அதுக்குத் 'திருத்து'ன்னு பேர் வச்சிருக்கேன். அவ தாளம் தப்பின இடத்தையெல்லாம் நேராக்கிடும்."

"தப்புவாங்களா?"

தவசிமுத்து சிரித்தார். கண் கலங்கிக்கொண்டே சிரித்தார்.

"அதுல அவ பலே ஆளு டீச்சர். சரணத்துக்குச் சரணம், மூணாவது அடி முடிஞ்சதும் ஒரு இழு இழுத்துட்டுத்தான் அடுத்த அடிக்கே போவா. அஞ்சு சரணம், அஞ்சு இடம். உனக்கும் தாளத்துக்கும் ஏழாம் பொருத்தம்னு சொந்தக்காரங்க முன்னாடியே சொல்லுவேன். சிரிச்சுக்குவா. ஞாயித்துக்கிழமை நாலு பேர் வந்து கேப்பாங்க. தப்போட கேக்க வேண்டாமேன்னு..."

டீச்சர் பியானோ முன்னால் உட்கார்ந்து பெடலில் கால் வைத்தார்.

"அவங்க வாசிக்கும்போது நீங்க என்ன செய்வீங்க?"

"பாடுவேன்."

"பாடுங்க."

ஒரு வருஷமாக அவர் பாடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். முதல் அடி வந்தது. இரண்டாவது அடியும் வந்தது. மூன்றாவது கொஞ்சம் நீளம். அது முடியும்போது நெஞ்சு அடைத்தது. முப்பத்தாறு வருஷத் தேயிலைத் தூசு அங்கேதான் உட்கார்ந்திருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

பியானோ நாலாவது அடிக்குள் போய்விட்டிருந்தது.

ஓடிப் பிடித்தார். இரண்டாவது சரணத்திலும் அதே இடத்தில் அது அவரை விட்டுவிட்டுப் போனது. மூன்றாவதிலும் போனது. ரூபவதியோடு பாடிய இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் இப்படி ஆனதில்லை.

"டீச்சர், கொஞ்சம் நில்லுங்க."

டீச்சர் நிற்கவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தார்.

ஐந்தாவது சரணத்தை அவர் பாடவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, கட்டைகள் தாமாக அமுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுருள் முடிந்தது. தவசிமுத்து நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முப்பத்தெட்டு வருஷம் சேந்து வாழ்ந்தோம் டீச்சர். உங்களுக்குத்தான் மூச்சு வாங்குதுன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே அவ."

"சொல்லியிருந்தா நீங்க பாடியிருப்பீங்களா?" என்றார் டீச்சர்.