இடப்பக்கம் வைத்த வாள்

விடிந்தால் போர். ஆற்றின் இந்தக் கரையில் ஒரு படை, அந்தக் கரையில் நருமிப் பிரபுவின் படை. கடைசியாக ஒரு தடவை பேசிப் பார்க்கலாம் என்று வாள் குரு தெஷிமாவை அனுப்பினார்கள்.

துணைக்குச் சீடன் ஹெய்சுகே போனான். குருவைவிட இரண்டு வயது மூத்த சாமுராய். யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவான்.

படகிலேயே ஆரம்பித்துவிட்டான்.

“குருவே, நருமிப் பிரபு எப்படிப் பேசுவார் தெரியுமா? க்ர்ர்ம்... எவனடா அவன், என் ஆற்றில் கால் நனைத்தவன்?”

தவளையை விழுங்கிய வாத்து பேசுவது மாதிரி இருந்தது. குருவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“நேரில் கேட்டிருக்கிறாயா?”

“இல்லை. மீசையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அந்த மீசைக்கு வேறு குரல் பொருந்தாது.”

அக்கரையில் காவலன் ஈட்டியை நீட்டினான். “நில்! யார்? எதற்கு?”

“நில்! நாங்கள்! சும்மா!” என்றான் ஹெய்சுகே, அதே அதட்டலில்.

தூது வந்திருக்கிறோம் என்று குரு சொன்னதும் காவலன் வழிவிட்டான். குரு ஹெய்சுகேயின் தோளைத் தொட்டார். “உட்காரும்போது வாள் வலப்பக்கம்.”

“இதைக்கூடவா சொல்ல வேண்டும் குருவே?”

வலப்பக்கம் கிடக்கும் வாளைச் சட்டென்று உருவ முடியாது. விருந்தாளியின் மரியாதை அது. இடப்பக்கம் வைத்தால், வெட்ட வந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

கூடாரத்துக்குள் இரண்டு பக்கமும் வீரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிரபு. மீசை கேள்விப்பட்டதைவிடப் பெரிது.

குரு மண்டியிட்டார். வாளை வலப்பக்கம் வைத்தார்.

பிரபு தொண்டையைச் செருமினார்.

“க்ர்ர்ம்... யாரப்பா அது, என் ஆற்றில் கால் நனைத்தது?”

அதே வாத்து. அதே தவளை.

ஹெய்சுகே உதட்டைக் கடித்தான். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் முட்டியது. எப்படியோ மண்டியிட்டான், எப்படியோ வாளை வைத்தான்.

இடப்பக்கம்.

வரிசையில் இருந்த கைகள் எல்லாம் வாள்பிடிக்குப் போயின. யாரோ ஒருவரின் வாள் உறையிலிருந்து விரற்கடை அளவு வெளியே வந்து நின்றது.

ஹெய்சுகேயின் சிரிப்பு தொண்டையிலேயே செத்தது. எடுத்து மாற்றி வைத்துவிடலாம் என்று தோன்றியது. முழங்காலிலிருந்து அவன் விரல்கள் எழுந்துவிட்டன.

குரு தன் வாளை ஒரே விரலால் முன்னே தள்ளினார். அது பாயில் சரசரத்துக்கொண்டே போய்ப் பிரபுவின் அருகில் நின்றது. பிடி பிரபுவின் பக்கம்.

பிறகு குனிந்தார். நெற்றி பாயைத் தொட்டது. எல்லோருக்கும் எதிரே அவருடைய பிடரி வெறுமையாகக் கிடந்தது.

வெளியே ஆறு ஓடும் சத்தம் கேட்டது.

ஹெய்சுகேயின் விரல்கள் மெல்லத் திரும்பி முழங்காலில் படிந்தன.

பிரபு அந்த வாளைப் பார்த்தார். பிடரியைப் பார்த்தார். முழங்காலில் அசையாமல் கிடந்த ஹெய்சுகேயின் கையையும் பார்த்தார்.

“க்ர்ர்ம்,” என்றார். “தேநீர் கொண்டு வாருங்கள்.”

பேசி முடித்து அவர்கள் திரும்பும்போது இரண்டு கரைகளிலும் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். படகில் ஹெய்சுகே யாருடைய குரலிலும் பேசவில்லை. தன் குரலிலேயே கேட்டான்.

“கொஞ்சம் கனைத்துக் காட்டியிருந்தால் மாற்றி வைத்திருப்பேனே குருவே?”

“நீ வாளைத் தொடுவது மாற்றி வைக்கவா, உருவவா என்று யார் பொறுத்திருந்து பார்ப்பார்கள்?”



“அதற்காகக் கழுத்தை நீட்டுவதா? அந்த மீசையை எப்படி நம்பினீர்கள்?”

“அவரையா? அவரை எனக்கு இன்றைக்குத்தானே தெரியும்.”

“பிறகு யாரை?”

“உன் கையை. என் கழுத்து கீழே கிடக்கும்போது அது வாளைத் தொடாது.”

“அது எழுந்துவிட்டதே குருவே!”

“பார்த்தேன்,” என்றார் குரு. “பார்த்துவிட்டுத்தான் குனிந்தேன்.”