கொதிமடையில் நோவு கேட்பதில்லை

நமக்கும் விலங்குகளுக்கும் பேச்சுவார்த்தை இருந்த அந்தக் காலத்தில், ஒரு மலையடிவாரத்தில் மூன்று ஊற்றுகள் பக்கம் பக்கமாகச் சுரந்துகொண்டிருந்தன. முதல் ஊற்று கொதிக்கும், அது மூட்டுவலிக்கு. நடு ஊற்று இளஞ்சூடு. சொறி சிரங்கெல்லாம் அதில் உதிர்ந்துவிடும். ஓரத்தில் இருந்த சின்ன ஊற்று கண்ணுக்கு. மூன்றிலும் கந்தக வாடை மூக்கைத் துளைக்கும். சகித்துக்கொண்டவர்களுக்குச் சுகம்.

அப்போது அங்கே ஊரே கிடையாது. முழங்கால் வீங்கி, கட்டிலோடு தூக்கிவரப்பட்ட மருதாயிதான் முதலில் தங்கியவள். எழுந்து நடந்த பிறகும் வீடு திரும்பாமல், ஊற்றங்கரையிலேயே ஒரு குடிசை போட்டாள். குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் விற்க ஒருவன் வந்தான். கஞ்சி காய்ச்ச ஒருத்தி வந்தாள். வேப்பங்குச்சி ஒடித்துக் கொடுத்தே ஒருவன் பிழைத்தான். இப்படி முளைத்ததுதான் கொதிமடை. நோயாளிகளை வைத்துப் பிழைத்த ஊர் என்று சொன்னால் கொதிமடைக்காரர்களுக்குக் கோபம் வரும். வந்துவிட்டுப் போகட்டும், உண்மை அதுதான்.

வரிசை பார்க்கும் வேலை மருதாயிக்கு. மனிதர், மிருகம் என்ற பேதமில்லை. சொறி பிடித்த நரிக்குப் பின்னால் இடுப்புப் பிடித்த பண்ணையார் நிற்பார். வாத நோய்க் கரடி ஆட்டுக்குட்டிக்கு வழி விடும். ஒவ்வொருவரும் தம் நோவை மருதாயியின் காதோடு சொல்வார்கள். அவள் எந்த ஊற்று என்று கை காட்டுவாள். கேட்டதை யாரிடமும் சொல்லமாட்டாள். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. ஒரு கரடி நம்மைத் தேடி வந்து, இங்கே வலிக்கிறது என்று சொல்வதென்றால் அது சாதாரண விஷயமா?

ஓர் ஆடி மாதத்தில் வயதான பெண் யானை ஒன்று தனியாக வந்தது. பதினான்கு யானைகள் கொண்ட கூட்டத்துக்கு அதுதான் தலைவி.

“அம்மிணி, ரெண்டு கண்ணும் புகையா இருக்குதுங்க” என்று மெல்லச் சொன்னது. “கூட்டத்துக்குத் தெரியாது. மலைச்சரிவுல குட்டிகளெல்லாம் எம்பின்னாலதான் நடக்குது. தெரிஞ்சா பயந்து கால் இடறிப்போடுமுங்க.”

“பத்து நாள் கழுவுங்க ஆத்தா, தெளிஞ்சுரும்” என்றாள் மருதாயி. “நான் ஒருத்தருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க.”

தினமும் தன் கையாலேயே தண்ணீர் மொண்டு ஊற்றினாள். ஏழாம் நாள் யானை தலையைச் சாய்த்து அவளை உற்றுப் பார்த்தது.

“உங்க மூக்குத்தி தெரியுதுங்க அம்மிணி!”

மருதாயிக்கு அழுகையே வந்துவிட்டது.

எட்டாம் நாள் ஆடிப்பதினெட்டு. எள் விழ இடமில்லாத கூட்டம். தலைவியோடு அதன் கூட்டமும் குளிக்க வந்திருந்தது. வேறொரு காட்டிலிருந்து கால் புண்ணோடு இன்னொரு யானையும் வந்திருந்தது. மருதாயி வழக்கம்போல, “அடுத்து யானை வாங்க!” என்று கூப்பிட்டாள். வரிசையில் முன்னால் நின்ற தலைவியும் கால் புண் யானையும் ஒரே நேரத்தில் அடியெடுத்து வைத்து, குறுகலான வழியில் சிக்கிக்கொண்டன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை.

“ஏ மருதாயி, பொழுதுக்கும் நிக்கறதா?” என்று பின்னாலிருந்து பண்ணையார் கத்தினார்.

பதற்றத்தில் மருதாயியும் கத்தினாள். “கால் புண்ணு யானை நில்லுங்க! கண்ணு தெரியாத யானை மட்டும் முன்னால வாங்க!”

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? வரிசையில் நின்ற எல்லாத் தலைகளும் தலைவியின் பக்கம் திரும்பின.

“அம்மா, உனக்குக் கண்ணு தெரியலையா?” என்று கேட்டது தலைவியின் மகள். அதுவரை தலைவியின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்த குட்டி, மெதுவாக வாலை விட்டது.

கிழட்டு யானை மருதாயி நின்ற பக்கமாகத் திரும்பியது. அதற்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது நமக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“உங்ககிட்டத்தானேங்க சொன்னேன்” என்றது.

சொல்லிவிட்டுக் காட்டைப் பார்த்து நடந்தது. இப்போது மகள் கூட்டத்துக்கு முன்னால் போனது. தலைவி தனக்கு முன்னால் போன யானையின் முதுகில் தும்பிக்கையைப் போட்டுக்கொண்டு கடைசியாகப் போனது. மருதாயி ஒரு குடம் ஊற்றுநீரோடு காட்டின் ஓரம் வரை ஓடினாள்.

“ஆத்தா, இன்னும் ரெண்டே நாள்தானுங்க! என்னைத் திட்டுங்க, அடிங்க. கண்ணை மட்டும் கழுவிக்கிட்டுப் போங்க!”

யானை நின்றது. தும்பிக்கையை நீட்டி அவள் முகத்தை ஒருமுறை தடவியது. ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு போய்விட்டது.

அவள் ஊற்றங்கரைக்குத் திரும்பியபோது வரிசையில் மனிதர்கள் மட்டுமே நின்றுகொண்டிருந்தார்கள். கரடி, நரி, மான் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டன. வீட்டு மாடுகள் மட்டும் கயிற்றில் கட்டியிருந்ததால் நின்றன. மருதாயி ஒவ்வொன்றிடமும் போய்க் கெஞ்சினாள். ஒன்றும் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு சாகும்வரை அவள் யாரிடமும் நோவு கேட்டதில்லை. கொதிமடையில் இன்றைக்கும் குளிக்கப் போனால், “எந்த ஊத்துக்குங்க?” என்றுதான் கேட்பார்கள். எதற்கு என்று கேட்கமாட்டார்கள்.

விலங்குகள் நம்மோடு பேச்சை நிறுத்தியதும் அந்த ஆடிப்பதினெட்டு முதல்தான். நோவு கண்டு தீனி தின்னாமல் நிற்கும் மாட்டின் கழுத்தைத் தடவி, எங்கே வலிக்கிறது என்று நாம் எத்தனை முறை கேட்டாலும், அது நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்குமே தவிர, சொல்லாது.